மெய்ப்புள்ளி

வரிப் படிவத்தில் என் தொழில்
கதிர்சிகிச்சைத் தொழில்நுட்பர்.
உண்மையில் நான்
நாளைக்கு ஆறேழு பெண்களுக்குப் பச்சை குத்துகிறவள்.
இடுப்பின் இருபுறமும் ஒவ்வொன்று,
தொப்புளுக்குக் கீழே ஒன்று,
கடுகைவிடச் சிறிது.
ஐந்து வாரமும் கதிர் வழி தவறாமல் வந்து சேர
உடம்பில் நட்ட எல்லைக்கல்.

அன்று ஞாயிறு.
ரைன் மேல் பனிமூட்டம். பாசலின் கடைசி ட்ராம்
காலியாகப் பாலத்தைக் கடந்தது.
அருங்காட்சியகத்தார் அவளைக் கொண்டுவந்தது
பின்வாசலால், சலவைத்துணி வரும் வழியில்.
நோயாளிகள் இல்லாத நேரமாம்,
ஸ்கேனுக்குப் பாதி வாடகையாம்.

படிவம் நிரப்பாமல் கணினி திறக்காது.
பெயர்? தெரியாது.
பிறந்த தேதி? நாலாயிரம் ஆண்டுக்கு அந்தப் பக்கம்.
கணினி ஏற்கவில்லை.
1900 ஜனவரி ஒன்று என்று போட்டேன்.
ஊர்? நூபியா, நைலின் இரண்டாம் அருவிக்குக் கீழே.
கர்ப்பமாக இருக்கக்கூடுமா?
இந்தக் கேள்வியைத் தாண்ட விடவே விடாது.
பெட்டியோடு வந்த ரெகுலா சற்று யோசித்து
தெரியாது என்றார்.
அதற்கும் ஒரு கட்டம் இருந்தது.

பெட்டிக்குள் ஒரு பழுப்பு அட்டை.
தோண்டியெடுத்த கனவான்
சாய்ந்த எழுத்தில் எழுதியிருக்கிறார்:
'ஆடல்மகள் போலும்.'
தொடையில் நாலு புள்ளியைக் கண்டதும்
அவருக்குச் சலங்கைச் சத்தம் கேட்டுவிட்டது.

அகச்சிவப்புக் கேமராவை ரெகுலா மேலே பிடித்தார்.
காய்ந்த புகையிலை நிறத் தோல்
திரையில் வெளுத்தது.
அடிவயிறு முழுக்க
சாய்சதுரம் சாய்சதுரமாகப் புள்ளிகள்.

'கோலம்' என்று வாய்வரை வந்தது.
விழுங்கினேன்.
எனக்குத் தெரிந்ததையெல்லாம் அவள்மேல் போட
அவள் என்ன என் வீட்டு வாசலா?

வலை, என்றார் ரெகுலா.
வயிறு வளர வளர விரிந்து
உள்ளிருப்பது நழுவாமல் தாங்கும் வலை.
என்று சிலர் நினைக்கிறார்கள், என்றும் சேர்த்தார்.

நான் பார்த்தது வலையை அல்ல, கையை.
இடப்பக்கம் நேராக வந்த வரிசை
வலது விலாவோரம் கொஞ்சம் தடுமாறுகிறது.
அங்கே வலிக்கும். எனக்குத் தெரியும்.
அவள் நெளிந்திருக்கிறாள்.
குத்தியவள், அதுவும் ஒரு பெண்தான் என்று பந்தயம் கட்டுவேன்,
ஊசியை எடுத்துவிட்டுக் காத்திருந்திருக்கிறாள்.
அடுத்த புள்ளி நிதானமாக இருக்கிறது.

கரியாய் இருந்தாலும் பச்சை என்கிறோம்.
பிள்ளை பெற்றவள் பச்சை உடம்புக்காரி.
ஆறாதது பச்சைப் புண்.
அட்டையில் இருந்தது
பச்சைப் பொய்.

புள்ளி வைத்தால் மெய் என்று முதல் வகுப்பில் படித்தேன்.
உடம்புக்கும் அதே பெயர், உண்மைக்கும் அதே.
உயிர் வந்து ஏறாமல்
தனியே ஒலிக்காது என்றும் படித்தேன்.

லேசர்க் கோடுகள் சிவப்பாக அவள்மேல் இறங்கின.
பதிவுக் குரலை அணைக்க மறந்துவிட்டேன்.
மூச்சை உள்ளே இழுங்கள், என்றது ஜெர்மனில்.
அப்படியே பிடியுங்கள்.
இத்தனை கச்சிதமாக இதுவரை யாரும் பிடித்ததில்லை.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்களும் பிடித்திருந்தோம்.
இப்போது விடலாம்.
ரெகுலா விட்டார். நான் விட்டேன்.

திங்கள் காலை ஏழரைக்கு வெரேனா சும்ஷ்டெக்,
ஓய்வுபெற்ற ட்ராம் ஓட்டுநர்.
ஊசியைப் பார்த்ததும் கேட்டார்: இது அழியுமா?
அழியாது.
எத்தனை நாளைக்கு இருக்கும்?
ஆயுளுக்கும், என்பதுதான் வழக்கமான பதில்.
அன்று அது எனக்குப் போதவில்லை.
ரொம்ப நாளைக்கு, என்றேன்.

மூன்றாவது புள்ளியில் நெளிந்தார்.
ஊசியை எடுத்துவிட்டுக்
காத்திருந்தேன்.